காக்கிச் சட்டையா, தினக்கூலி வாச்சரா: சின்னாரிலிருந்து ஒரு ஒப்பீடு

போன மாதம் உடுமலையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த பையன், நான் காட்டில் வேலை பார்ப்பதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, "அண்ணா, எனக்கும் ஃபாரஸ்ட்ல சேரணும். பரீட்சை எழுதி காப்பாளராப் போகட்டுமா, இல்ல உங்க மாதிரி வாச்சராச் சேரட்டுமா?" என்றான். ரசம் வருவதற்குள் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சொன்னதில் பாதி அரைகுறை என்று உறைத்தது. ஆகவே இது அவனுக்கும், அவனைப் போலக் கேட்கிறவர்களுக்கும்.

முதலில் நான் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வழி உடுமலை, அம்மா வழி கேரளத்தில் மறையூருக்குப் பக்கத்திலுள்ள கோவில்கடவு. ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், பிழைப்பு கேரளத்தில். நானும் மச்சானும் ஒரே வருடம் தமிழ்நாட்டு வனக்காப்பாளர் பரீட்சை எழுதினோம், ஒரே நாளில் உடல்திறன் தேர்வின் 25 கிலோமீட்டர் நடையையும் நடந்தோம். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஓடத் தேவையில்லை, ஆனால் எங்கேயும் உட்கார முடியாது. இரண்டு பேரும் தேறினோம். அவன் சேர்ந்தான். எனக்கு வந்த ஆணை வீட்டிலிருந்து ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது, நான் போகவில்லை. அப்போது கேரளத்துச் சின்னார் வனவிலங்குச் சரணாலயப் பக்கம் தினக்கூலி வாச்சராக இருந்தேன், இப்போதும் அதே. வெளியாட்கள் வரும் நாட்களில் டிரெக்கிங் கூட்டிப் போகிறேன், மற்ற நாட்களில் ரோந்து, தீக்கோடு (தீ பரவாமலிருக்கப் புல்லை வெட்டி விடும் பாதை), களை. ஒன்பது வருடம் ஆகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

சம்பளத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், அதில் பேச்சுக்கே இடமில்லை. வனக்காப்பாளருக்கு அடிப்படைச் சம்பளமே 18,200 ரூபாயில் தொடங்குகிறது, அதன் மேல் படிகள், ஓய்வூதியக் கணக்கு, மருத்துவம். அவனுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்க ஒரு வழி உண்டு. தினக்கூலிக்குப் போன நாளுக்குத்தான் காசு. பெண் கேட்டுப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டால் மச்சான் ஒரு சொல்லில் பதில் சொன்னான், நான் அரை மணி நேரம் விளக்கினேன். கடன் இருக்கிறது, தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ண வேண்டும் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், பரீட்சைக்குப் படியுங்கள். இப்போது டிஎன்பிஎஸ்சி குரூப் 4-லேயே வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளையும் சேர்த்துவிட்டார்கள். ஒரே படிப்பில் மற்ற வேலைகளுக்கும் முயன்ற மாதிரி ஆகும்.

அதிகாரமும் அந்தப் பக்கம்தான். கண்ணி வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தாலும், 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் வழக்காக்க வேண்டியது சீருடைக்காரர். நான் பார்த்த சாட்சி, அவ்வளவுதான். சம்பவ இடத்தில் எழுதும் மகஜரில் என் பேர் கீழே வரும்.

தொல்லியல் துறையில் காவலராகப் போவதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது. கோவில், கோட்டை மாதிரி வேலி போட்ட இடம் என்றால் வெயிலில் நின்று டிக்கெட் பார்ப்பதும், சுவரில் பேர் கிறுக்குகிறவனைத் துரத்துவதும் பெரிய பங்கு என்று கேள்வி. மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடமே கூடாது, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைக் காப்பதும் ஒரு போராட்டம்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பழஞ்சின்னங்கள் காட்டுக்குள் கிடக்கின்றன. மறையூரைச் சுற்றி முனியறைகள் என்னும் பெருங்கற்காலக் கல்லறைகள், பாறை ஓவியங்கள். ஆலாம்பட்டிப் பக்கம் நடந்தால் இரண்டையும் ஒரே பாதையில் பார்க்கலாம். அங்கே கல்லுக்கும் காவல் வாச்சர்தான், மலை அணிலுக்கும் காவல் வாச்சர்தான். எனக்கு இது ஒரு பெரிய ஈர்ப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது நான் ஏன் போகவில்லை என்பதற்கு வருகிறேன். ஒரே காரணம், இடமாற்றம். காட்டு வேலையில் முக்கால்வாசி பராமரிப்பு, பராமரிப்பு என்றால் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. வேலைக்குச் சேர்கிறவர்கள் யானை, புலி, துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள், வந்து பார்த்தால் கையில் கடப்பாரை.

உண்ணிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் கொங்கிணி என்பார்கள். பூ அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது படர்ந்த இடத்தில் புல் வராது, புல் இல்லாத இடத்துக்கு மானும் காட்டெருமையும் வராது. அரிவாளால் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். சரியான முறை, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே மண்ணைக் கொத்தி, மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பது. வேர் மேலே பார்த்துக் காயும், மறுபடி ஊன்றாது. முதுகு ஒடிந்துவிடும், ஒரு நாளில் ஒரு ஆள் செய்வது கொஞ்சம்தான். இவ்வளவும் செய்த பிறகும் வேலை முடியாது, ஏனென்றால் மண்ணுக்குள் விதை கிடக்கிறது, பழம் தின்ற குருவி மேலே உட்கார்ந்து எச்சத்தோடு புதிதாக வேறு போடுகிறது. எங்களுடையது மழை மறைவுக் காடு, பெய்வதே வருடத்துக்குக் கிட்டத்தட்ட 500 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். அந்த மழை முடிந்ததும் போய்ப் பார்த்தால் பிடுங்கிய இடமெல்லாம் இரண்டு இலை விட்ட குட்டிச் செடிகள் நிற்கும். அப்போது விரலாலேயே பிடுங்கிவிடலாம். ஒரு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும், மூன்று வருடம் விட்டால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

மச்சானுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும், பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் முதலில் இருந்த சரகத்தில் ஒரு சரிவை ஆள் வைத்துச் சுத்தம் பண்ணினான். அடுத்த வருடம் முளைப்புகளை எடுத்தான். புல் வந்து கடமான் இறங்க ஆரம்பித்த நேரத்தில் மாற்றல். அடுத்து வந்தவருக்கு வேறு நெருக்கடி, ஊருக்குள் யானை. இவனுக்கு மனசு கேட்காமல், அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் போட்டான். "மாப்ள, நான் அங்க வேலை பார்த்ததுக்கு ஒரு அடையாளமும் இல்லடா" என்றான். யாரையும் குறை சொல்லவில்லை. அந்தச் சரிவை அடுத்த மழைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவன் தலைக்குள் இருந்தது, தலை பஸ் ஏறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

கல் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. முனியறை என்றால் நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். என் வழியில் இருக்கும் ஒன்றில், தெற்குப் பலகைக்கும் மூடுகல்லுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்லு செருகி நிற்கும், யார் எப்போது வைத்தார்களோ. நான்கு வருடம் முன்பு ஒரு காலையில் அந்தச் சில்லு கீழே கிடந்தது. மற்றபடி எல்லாம் வழக்கம் போலத்தான் தெரிந்தது, சருகுகூடப் பரப்பி விட்டிருந்தார்கள். குனிந்து கையை உள்ளே விட்டால் மண் பொதபொதவென்று இருக்கிறது, ஒரு பக்கம் நசுங்கிய எலுமிச்சம்பழம். புதையல் தேடி வந்தவர்கள். பலகையின் அடியை இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தால் மூடுகல் சரிந்திருக்கும். அன்றே தகவல் சொல்லி, ஒரு வாரம் ராத்திரியில் ஆள் போட்டோம். திரும்ப வரவில்லை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அந்தச் சில்லு அதுவரை ஐந்து வருடமாக மேலே இருந்ததை நான் பார்த்திருந்தேன். முந்தின மாதம் மாற்றலில் வந்த ஆளாக இருந்தால், கல் கிடப்பதைப் பார்த்து, காட்டில் கல் கிடக்காமல் என்ன கிடக்கும் என்று தாண்டிப் போயிருப்பார், அதுதான் நியாயமும்கூட.

பாறை ஓவியத்திலும் அப்படித்தான். ஃபோட்டோவில் பளிச்சென்று விழ வேண்டும் என்று பாட்டில் தண்ணீரை எடுத்து ஊற்றுவார்கள். கண்ணால் பார்த்தால் அப்போதைக்குத் தெளிவு, ஆனால் நிறம் கரையும், உப்புப் படியும். எந்த ஓவியத்தில் எந்தக் கோடு எவ்வளவு மங்கியிருக்கிறது என்பது வருடா வருடம் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், போனில் படம் எடுத்து வைக்கிறேன். இதற்கு யாரும் ஆணை போடவில்லை.

இதற்குத்தான் ஆப் இருக்கிறதே என்பார்கள். மச்சான் இப்போது புலிகள் காப்பகத்தில். எம்-ஸ்ட்ரைப்ஸ் ஆப்பைப் போட்டுக்கொண்டுதான் ரோந்து, நடந்த பாதை, பார்த்த தடம், எச்சம் எல்லாம் பதிவாகும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் கணக்கெடுப்பில் அதெல்லாம் பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து வருகிறவருக்கு அதில் கிடைப்பது எங்கே நடந்தான், என்ன பார்த்தான் என்பதுதான். வழக்கமாக எது எப்படி இருக்கும் என்பதை யாரும் பதிவதில்லை. சில்லு மேலே இருக்கிறது என்று யார் தட்டச்சு செய்வார்கள்?

இடமாற்றத்தை வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒரே இடத்தில் இருப்பவனுக்கு ஊரெல்லாம் உறவு. விறகு எடுக்க வருகிறவர் எனக்குப் பெரியம்மா முறை, மீன் பிடிக்க வருகிறவன் கூடப் படித்தவன். "ஏன் தம்பி, எங்களையே தடுக்கிறியா?" என்று கேட்டால் முகம் கொடுத்துப் பேச முடியாது, சில நாள் வேறு பாதையில் நடந்திருக்கிறேன். மறையூரின் சந்தனக் காடு இன்னும் வேறு கதை. வேலி, காவல், மரத்துக்கு மரம் எண் போட்டுக் கணக்கு. ஒரு மரத்தின் விலையை நினைத்தால் தூக்கம் வராது. அந்த மாதிரி இடத்தில் ஒரே ஆள் பத்து வருடம் இருப்பதை நானே ஆதரிக்க மாட்டேன். அவர் நல்லவராக இருந்தாலும் அவரைச் சுற்றி வலை பின்னுவார்கள். ஆக, நான் சொல்லும் வாதம் களைக்கும் கல்லுக்கும் தீக்கோட்டுக்கும் பொருந்தும், சந்தனத்துக்குப் பொருந்தாது.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு இப்போது முப்பத்தைந்து. ஐம்பதில் முட்டி வலித்தால், மச்சான் அதற்குள் வனவராகி ஜீப்பில் போவான், நான் நடந்தே ஆக வேண்டும். அதற்கு என்ன வழி என்று கேட்டால் இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. சம்சாரம் கோவில்கடவில் தையல் கடை வைத்திருப்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை மச்சான் எழுதியிருப்பான்.

பந்தியில் கேட்ட தம்பிக்கு: பரீட்சை எழுது. வயசு வரம்பு உனக்காகக் காத்திருக்காது. ஆனால் எழுதி முடித்து முடிவு வரும் வரை வீட்டில் சும்மா இருக்காமல், பக்கத்துச் சரகத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து, தை, மாசியில் தீக்கோடு வெட்டும் வேலைக்காவது போ. காய்ந்த புல்லுக்குள் மூன்று நாள் குனிந்து நின்றாலே இது உனக்கு ஆகுமா ஆகாதா என்பது தெரிந்துவிடும். ஆணை வந்த பிறகு என்னை மாதிரி யோசிப்பதா, மச்சான் மாதிரி பெட்டியைக் கட்டுவதா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மச்சான் இந்த முறை தமிழ்நாட்டுப் பக்கத்து அமராவதிச் சரகம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். கிடைக்குமா தெரியாது. கிடைத்தால் சின்னாறு ஆற்றுக்கு அந்தக் கரையில் அவன், இந்தக் கரையில் நான். வாக்கி டாக்கி வேறு வேறுதான், ஆனால் கோடையில் தண்ணீர் வற்றிவிட்டால் சத்தம் போட்டுக் கூப்பிட்டாலே கேட்கும்.