ஜெண்டர் ஸ்டடீஸா, செக்ஸாலஜியா, சைக்காலஜியா?

பாலினம் (ஜெண்டர் ஸ்டடீஸ்), பாலியல் (செக்ஸாலஜி) இரண்டும் ஒரே படிப்பு என்று நினைத்து விண்ணப்பம் போடுகிறவர்கள் நிறைய. படிப்பும் வேறு, கிடைக்கிற வேலையும் வேறு.

ஜெண்டர் ஸ்டடீஸில் வாசிப்பும் எழுத்தும்தான் அதிகம். சட்டம், வரலாறு, சம்பளம், குடும்பத்தில் யார் பேச்சு எடுபடுகிறது, இப்படி. பெண்கள் பற்றி ஐ.நா. நடத்திய 1995 பெய்ஜிங் மாநாட்டுக்குப் பிறகு அரசுகளும் ஐ.நா. அமைப்புகளும் பாலினப் பார்வையைத் திட்டங்களுக்குள் கொண்டுவர ஆரம்பித்ததால் ஆலோசகர் வேலைகள் உருவாகின, தொண்டு நிறுவனங்களிலும் இடம் உண்டு. ஆனால் அரசியல் காற்று திரும்பினால் முதலில் அடி வாங்குவதும் இந்தத் துறைதான். ஹங்கேரி 2018-இல் இதன் முதுகலைப் படிப்புக்கான அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. புள்ளியியலும் கூடவே கற்றுக்கொண்டால் தப்பிக்கலாம், வெறும் கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவது கஷ்டம்.

செக்ஸாலஜி உடல், ஆசை, நடத்தை பக்கம் சாய்ந்தது. பெர்லினில் 1919-இல் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் ஆரம்பித்த பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933-இல் நாஜிகள் சூறையாடி நூலகத்தைக் கொளுத்தினார்கள், ஆகவே இதற்கும் அரசியல் தொல்லை புதிதில்லை. அப்புறம் அமெரிக்காவில் மனிதர்களின் பாலியல் நடத்தையை நேர்காணல் எடுத்து ஆராய்ந்த ஆல்ஃபிரட் கின்சி அடிப்படையில் குளவிகளை ஆராய்ந்த விலங்கியல்காரர். நேர்காணலில் "செய்ததுண்டா?" என்று கேட்காமல் "முதல்முறை எப்போது?" என்று கேட்பார், மறுக்கிற சுமையை பதில் சொல்பவர் தலையில் வைப்பதற்காக. கூச்சமில்லாமல் கேட்கவும் கேட்டதை வெளியே விடாமல் இருக்கவும் பழகுவது இங்கே பாதிப் படிப்பு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். சிக்கல் என்னவென்றால் தனிப் பட்டமாக இதைத் தரும் பல்கலைக்கழகங்கள் குறைவு. கனடாவின் மொன்ட்ரியாலில் இளங்கலையிலேயே உண்டு, அந்த நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 2013 முதல் செக்ஸாலஜிஸ்டுகளுக்குத் தனித் தொழில் மன்றமும் இருக்கிறது. பல நாடுகளில் அப்படி எதுவும் கிடையாது.

அறைக்குள் ஒருவரை உட்கார வைத்து அவர் பிரச்சினையைக் கேட்கும் வேலைதான் வேண்டும் என்றால், என் கணக்கில் சைக்காலஜி, சமூகப்பணி, மருத்துவம், நர்சிங் இவற்றில் ஒன்றை முதலில் முடிப்பது நல்லது. உரிமம் பெரும்பாலும் அந்தப் பட்டத்துக்குத்தான் கிடைக்கும், பாலியல் பயிற்சி அதன்மேல் வரும். வருஷங்கள் கூடும், போரடிக்கும் பாடங்களும் இருக்கும், சரி, அதற்குத் தயார்தானா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எதில் சேர்வதானாலும் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி எத்தனை மணிநேரம் என்று துறையிடம் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.