விலைச் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த தேதி

சிகாகோவில் இருப்பவர்கள், பீப்பாயில் ஊறிய ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வாரம் எனக்கு 38 டாலர் போனது. அதைவிட, அண்ணன் பிறந்தநாள் அன்று நடந்ததுதான் ஆறவே இல்லை.

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஒரு வருடம் ஊறியது, காபிக்கொட்டை, பட்டை, வெனிலா, காய்ந்த மிளகாய் சேர்த்தது, ஆல்கஹால் 13 சதவீதம் என்று லேபிளில் இருந்தது. புதுசுதானே என்று கேட்டுத்தான் வாங்கினேன். இந்த சீசன் சரக்கு என்றார் கடைக்காரர்.

திறந்ததும் அடித்தது பச்சைக் குடமிளகாய் வாசனை. தினமும் டிகாக்‌ஷன் இறக்கிய வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள்; காபி மணம் எது என்று தெரியாதா? வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு. பட்டையும் இல்லை, வெனிலாவும் இல்லை. "நல்லாத்தான்டா இருக்கு" என்று சொன்ன அண்ணன், அப்புறம் அந்த கிளாஸைத் தொடவில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்த்து, விலைச் சீட்டு தானாக உரிந்து வந்தது. அதன் அடியில் பாட்டிலில் அடைத்த தேதி. மூன்று வருடம் பழையது!

கேட்கப் போனால், "பீப்பாய் பீர் அப்படித்தான் புளிக்கும், வைக்க வைக்க ருசி" என்று கை விரித்துவிட்டார். பாதிதான் உண்மை. இருட்டில், குளிர்ச்சியில் வைத்தால் கெட்டியான ஸ்டவுட் வருடக்கணக்கில் தாங்கும். காபி தாங்காது, சில மாதங்களிலேயே மங்கும், நாளாக ஆகக் குடமிளகாய் வாடை வரலாம். கரித்த ஓக் பீப்பாய் தருவது வெனிலா, தேங்காய், லேசான புகை மணம். இந்த ரகத்தில் புளிப்பு வந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. ஆல்கஹால் அதிகம், கெடாது என்றும் நம்ப வேண்டாம். நம்ம சிகாகோ பீர் நிறுவனம் கூஸ் ஐலண்டின் 2015 பர்பன் கவுண்டி காபி ஸ்டவுட்டிலேயே லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா புகுந்து புளித்தது. அவர்கள் அதை ஒப்புக்கொண்டு, 2016-இல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

காபி போட்ட பாட்டில் என்றால் கடையிலேயே சீட்டை உரிக்கச் சொல்லித் தேதியைப் பாருங்கள். ஜன்னல் வெயிலில் நிற்பதைத் தொடாதீர்கள். ரசீதை வைத்திருங்கள். புளித்தால் கொட்டிவிடாதீர்கள், என்னுடைய மீதிப் பாட்டிலை மூடி வைத்திருக்கிறேன். தேதி, சீட்டு இரண்டையும் படம் எடுத்து, காய்ச்சிய நிறுவனத்துக்கு நேற்று இரவு அனுப்பியிருக்கிறேன்.