சாட்ஸ்வொர்த்துல கல்யாணத்துக்கு வச்ச டிஜே, 5க்கு 2 ஸ்டார்

போன சனிக்கிழமை என் நாத்தனார் பொண்ணுக்கு ரிசப்ஷன், இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்துல ஒரு ஹால்ல. டிஜே, ஸ்பீக்கர், லைட்டு எல்லாம் சேத்து 5 மணி நேரத்துக்கு 7000 ராண்ட். பேரு போட வேணாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. பசங்க டைமுக்கு வந்துட்டாங்க, மைக் ஒரு தடவகூட கத்தல, கரண்டு போனா சமாளிக்க பேட்டரியும் வச்சிருந்தாங்க, 2 ஸ்டார் அதுக்குத்தான்.

ஆனா ராத்திரி பூரா ஒரு பாட்டக்கூட முழுசா விடல. பல்லவி ரெண்டு தடவ, டம் டம்னு ஒரு பீட்டு, உடனே அடுத்த பாட்டு.

எங்க மாமியாருக்கு 76 வயசு. டர்பன் முனிசிபாலிட்டி வேலக்காரங்க இருந்த மேகசின் பாரக்ஸ்ல பொறந்தவங்க, 1960கள்ல அங்கருந்து கெளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்புனப்ப அவங்கப்பா கிராமபோன மடியில வச்சுக்கிட்டே வந்தாராம். 1946லயே இந்தியா இந்த நாட்டோட யாவாரத்த நிறுத்திருச்சு, ரெக்கார்டு கெடைக்கிறதே பெரிய விஷயம், யார் வீட்லயாவது புதுசு வந்தா தெருவே அங்கதான் கெடக்கும்னு சொல்வாங்க. நான் மதுரைல இருந்து வாக்கப்பட்டு வந்தவ, எங்கிட்ட கூட அத்தைக்கு நாலு வார்த்தைக்கு மேல தமிழ் பேச வராது, ஆனா டி.எம்.எஸ், சுசீலா டூயட்னா ரெண்டு சரணமும் ஒரு எழுத்து பிசகாம பாடுவாங்க. அவங்ககிட்ட இருக்குற தமிழே அந்த சரணத்துலதான் இருக்கு.

அவங்களுக்காகவே ஒரு பாட்ட முன்கூட்டியே எழுதிக் குடுத்திருந்தேன். போட்டாங்க, ரீமிக்ஸ். அத்தை பேத்தி கையப் புடிச்சு எந்திரிச்சு நின்னு பல்லவி பாடி, சரணத்துக்கு வாயத் தொறக்குறாங்க, பாட்டு மாறிருச்சு. பேசாம உக்காந்துட்டாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு.

போய்க் கேட்டா, "ஒரு நிமிஷத்துக்கு மேல போட்டா யாரும் ஆட மாட்டாங்க ஆன்ட்டி"ங்கறான் அந்தப் பையன். அவன மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, இப்ப வர்ற பாட்டயே அப்படித்தான செய்றாங்க, ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடுனாலே ஒரு ப்ளேன்னு கணக்கு, அதனால எடுத்த எடுப்புலயே ஹுக்கு, அதான் மனசுல ஒட்டிக்கிற அந்த ஒரு வரி, முக்காவாசிப் பாட்டுல ரெண்டாவது சரணமே கெடையாது. சின்னப் பாட்டா இருக்குறது தப்புன்னு சொல்லல, அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் தட்டுலயும் ஒரு பக்கத்துக்கு 3 நிமிஷம்தான், நீளமான பாட்டுன்னா தட்டத் திருப்பிப் போட்டு மிச்சத்தக் கேட்டாங்க. அந்த 3 நிமிஷத்துல சொல்றதுக்கு விஷயம் இருந்துச்சு. 1976ல இளையராஜா வந்தப்புறம் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல வர்ற வயலினயும் புல்லாங்குழலயும்கூட நாங்க வாயால பாடித் திரிஞ்சோம், இப்ப அந்த எடமே இல்ல. சுருதி திருத்தறதுக்குன்னு 1997ல வந்த ஆட்டோட்யூன நல்லாப் பாடுற புள்ளைங்க கொரலுக்கும் போட்டுத் தேச்சு எடுத்துடறாங்க, யார் பாடுறதுன்னே தெரிய மாட்டேங்குது.

இவங்களயே புக் பண்றதா இருந்தா எந்தெந்தப் பாட்டு முழுசா ஓடணும், ஒரிஜினலா ரீமிக்ஸானு பேப்பர்ல எழுதி ஒத்துக்க வச்சுட்டு அட்வான்ஸ் குடுங்க. எங்க வீட்ல டிசம்பர்ல இன்னொரு கல்யாணம் இருக்கு, சரணம் வரைக்கும் விடுற டிஜே ஃபீனிக்ஸ், மெரேபேங்க் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, காசு கூடப் போனாலும் பரவால்ல.