லிஃப்ட் பெல்ட்: ஸ்டீலா, அரமிடா, கார்பனா? சூட்டைத் தாங்குவது எது?

கார்பன் ஃபைபர் என்றதுமே தீக்கு அசையாத பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். இழையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஓரளவு சரி. ஆனால் கயிற்றுக்குப் பதிலாக லிஃப்டைத் தூக்கும் பெல்ட்டில் இழை தனியாக இருப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் ரெசின் என்ற பிசின் ஒன்று, மேலே போர்த்திய பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் உறை இன்னொன்று. சூட்டில் முதலில் தளர்வது இவைதான். பெல்ட்டின் வெப்ப எல்லையை அறிய இழையின் பெயரைப் பார்த்துப் பயனில்லை, ரெசினையும் உறையையும் பார்க்க வேண்டும்.

இன்று அதிகம் புழங்குவது ஸ்டீல் இழைகளைப் பாலியூரித்தேனில் பொதித்த பெல்ட். ஓடிஸ் நிறுவனம் 2000-இல் ஜென்2 லிஃப்டோடு இதைக் கொண்டுவந்தது. அதன் பெல்ட் 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். உருண்டைக் கயிறு என்றால் கப்பியின் விட்டம் வழக்கமாகக் கயிற்றைப் போல் 40 மடங்கு வேண்டும், 12 மி.மீ. கயிற்றுக்கு 480 மி.மீ. கப்பி. மெல்லிய இழைகளாலான பெல்ட்டுக்கோ சுமார் 100 மி.மீ. போதும். மோட்டார் சிறுத்தது, மெஷின் ரூம் தேவையில்லாமல் போனது. ஆனால் மோட்டார் இப்போது லிஃப்ட் ஓடும் குழியான ஷாஃப்ட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. சூடான காற்று போய்த் தேங்குவதும் அங்கேதான், வெயிலில் காயும் மொட்டை மாடிக்கு நேர்கீழே. ஐரோப்பிய இஎன் 81-20 தரம் இயந்திரம் இருக்கும் இடத்தை 5 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கச் சொல்கிறது. காற்றோட்டம் இல்லாத ஷாஃப்ட் மே மாதத்தில் அந்த வரம்புக்குள் நிற்பது கஷ்டம்.

சாதாரண பாலியூரித்தேன் 80 டிகிரியை ஒட்டி நெடுநாள் கிடந்தால் முதுமையடையும். கடலோர ஈரக்காற்றும் சேர்ந்தால் பாலியூரித்தேனில் பாலியெஸ்டர் வகை நீரால் சிதையும். பாலியீத்தர் வகையே அங்கே தாக்குப்பிடிக்கும். வாங்குபவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

அரமிட், அதாவது குண்டு துளைக்காத அங்கியில் வரும் கெவ்லரின் குடும்பம், உருகாது; 450 டிகிரியை நெருங்கும்போது கருகிச் சிதையும். எடையும் குறைவு: கன சென்டிமீட்டருக்கு 1.44 கிராம், ஸ்டீலுக்கு 7.85. ஆனால் 150 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் வலு கரையும், புற ஊதா ஒளியும் ஆகாது. மின்சாரம் கடத்தாததால் உள்ளே இழை அறுந்ததை மின்தடையை அளந்து கண்டுபிடிக்கவும் முடியாது. ஸ்டீலிலும் கார்பனிலும் அது முடியும். எனக்கு அரமிட் மேல் பெரிய ஈர்ப்பு இல்லை. கயிறாகப் பேர்போன உயர் வலிமை பாலியெத்திலீன் இந்தப் போட்டிக்கே வராது, 150 டிகிரிக்குள் உருகிவிடும்.

கார்பனின் பலம் உயரத்தில் தெரிகிறது. ஸ்டீல் கயிறு சுமார் 500 மீட்டரைத் தாண்டினால் தன் எடையையே சுமக்கத் திணறும். கோனே நிறுவனம் 2013-இல் அறிமுகப்படுத்திய அல்ட்ராரோப், கார்பன் உள்ளகத்தோடு 1000 மீட்டர் வரை போகலாம் என்றது. சவுதி அரேபியாவின் வானளாவிய ஜெத்தா டவரில் 660 மீட்டர் ஓட்டத்துக்குத் தேர்வானதும் அதுதான். இன்னொரு லாபமும் உண்டு: 500 மீட்டர் ஸ்டீல் 20 டிகிரி ஏறினால் 12 செ.மீ. நீளும், கார்பன் கிட்டத்தட்ட அசையாது.

தீ என்று வந்தால் கதை மாறுகிறது. கார்பன் இழையைப் பிடித்திருக்கும் எப்பாக்ஸி ரெசின் வகைக்கேற்ப 120 முதல் 180 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். 343 டிகிரியில் உருகும் பீக் பிளாஸ்டிக்கைப் போடலாமே என்றால், அதுவும் 143 டிகிரியிலேயே இளக்கம் காட்டும், விலையும் ஏறும். ஃபீனாலிக் என்ற இன்னொரு ரெசின் தீயில் புகை குறைவாக விடும், ஆனால் நொறுங்கும் தன்மை. கப்பியில் லட்சக்கணக்கான முறை வளைய வேண்டிய பெல்ட்டுக்கு அது ஆகுமா? சூடு தாங்கும் ரெசின் பெரும்பாலும் விறைப்பாகத்தான் இருக்கிறது. இந்தத் துறையின் உண்மையான இழுபறி இங்கேதான். ஸ்டீலும் 500 டிகிரிக்கு மேல் பாதி வலுவை இழக்கும். ஆனாலும் அறுவதற்கு முன் நீண்டு காட்டும், கார்பனோ முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.

சரி, எதை வாங்குவது? பத்து மாடிக் குடியிருப்புக்குப் பாலியீத்தர் உறையில் தீத்தடுப்பு சேர்த்த ஸ்டீல் இழை பெல்ட். ஷாஃப்ட் உச்சியில் காற்றுவழியும் வேண்டும். 500 மீட்டர் தாண்டினால் கார்பன். உலை பக்கத்தில் ஓடும் தொழிற்சாலை லிஃப்டுக்கு பெல்ட்டே வேண்டாம். உள்ளே சணல் மாதிரி நார் இல்லாமல், ஸ்டீல் உள்ளகம் கொண்ட பழைய கயிறே போதும்.