பழைய செயின்ஷாவுக்கு 'பவர் ஏற்றித் தருகிறேன்' என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பேராவூரணிப் பக்கம் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரத்தை அறுக்கப் பலர் செயின்ஷா வாங்கினார்கள். அப்படி வாங்கிய மெஷின் ஒன்றைத்தான் போன வருடம் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஸ்டார்ட் ஆகும், ஆனால் கனமான மரத்தில் இழுவை இல்லை.

பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் காட்டினேன். புது பிஸ்டன், ரிங் போட்டு, சிலிண்டருக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கை எடுத்து, சைலன்சரைத் திறந்துவிட்டால் ஒன்றரை மடங்கு இழுக்கும் என்றார். 9,500 ரூபாய் கொடுத்தேன்.

எடுத்து வந்த அன்று சத்தமும் வேகமும் பிரமாதமாக இருந்தன. ஒன்று மட்டும் உறுத்தியது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. போனில் கேட்டேன். "புது ரிங் அண்ணே, ரெண்டு நாள் ஓடினா சரியாயிடும்" என்றார். நம்பினேன். நம்பியிருக்கவே கூடாது. விட்டும் சுற்றுகிற செயின் தொடையைக் கிழித்துவிடும்.

மூன்றாம் நாள், புளியமரத்தின் அடித்தூரை அறுக்கும்போது சத்தம் திடீரென்று ஏறியது, அப்படியே நின்றது. ஸ்டார்ட் பண்ண இழுக்கும் கயிறு அசையவில்லை. இன்ஜின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது.

அதே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிரித்துக்கூடப் பார்க்காமல், "ஆயில் கலக்காம ஓட்டியிருக்கீங்க" என்றார். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் அளந்து ஊற்றுகிறவன் நான். அந்த வார்த்தைதான் பணத்தைவிட வலித்தது.

பட்டுக்கோட்டையில் வேறொரு மெக்கானிக் என் கண் முன்னால் பிரித்தார். பிஸ்டனில் புகை வெளியேறும் பக்கம் மட்டும் கோடு கோடாகக் கிழிந்திருந்தது, மறுபக்கம் வழவழவென்று இருந்தது. உள்ளே கிராங்க் பேரிங்கில் ஆயில் ஈரம் அப்படியே இருந்தது. "ஆயில் இல்லாம ஓடியிருந்தா சுத்திலும் கிழிஞ்சிருக்கும் தம்பி, இது காத்து அதிகமாகி சூடேறிப் பிடிச்சது" என்றார். அப்புறம் துவாரங்களை அடைத்து, லேசாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினார். மேக்னெட் பக்கத்து ஆயில் சீலில், அதாவது கிராங்க் முனையில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தில் குமிழ் வந்தது. அது வழியாகக் காற்று உள்ளே போனதால்தான் ஆக்சிலேட்டரை விட்டும் செயின் சுற்றியிருக்கிறது. முதல் பட்டறைக்காரர் பழைய சீலை மாற்றவே இல்லை. சைலன்சரைத் திறந்துவிட்டால் கார்புரேட்டரில் ஹை ஸ்க்ரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும், அதையும் தொடவில்லை. சிலிண்டர் உள்சுவரை எமரி பேப்பரால் தேய்த்து, மேல் பூச்சே போயிருந்தது. 'புது' பிஸ்டன் என்று போட்டது ஏற்கெனவே ஓடியது, ரிங் காடியில் பழைய கரி இறுகிக் கிடந்தது.

பேக்கிங்கை எடுப்பதையோ சைலன்சரைத் திறப்பதையோ நான் குறை சொல்லவில்லை. தெரிந்தவர் செய்தால் இழுவை உண்மையிலேயே கூடும். ஆனால் பேக்கிங்கை எடுத்தால் பிஸ்டன் மேலே ஹெட்டை நெருங்கும். ஈயக் கம்பியை ப்ளக் துளை வழியாக விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை வைத்து அந்த இடைவெளியை அளந்து பார்த்துத்தான் மூட வேண்டும் என்றார் பட்டுக்கோட்டைக்காரர். என் மெஷினில் யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் பழைய பிஸ்டன், ரிங், சீல் எல்லாவற்றையும் கையில் திருப்பிக் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் கம்ப்ரஷன் கேஜில் காட்டச் சொல்லுங்கள். காற்றுக் கசிவை உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே இப்படி வேலை செய்து வாங்கி, விட்டும் செயின் சுற்றுகிறது என்றால் இன்றே நிறுத்திவிட்டு சைலன்சரைக் கழற்றுங்கள். அந்தத் துவாரம் வழியாகவே பிஸ்டன் தெரியும். கோடு விழ ஆரம்பித்திருந்தால் மறுபடி கயிறு இழுக்காதீர்கள்.