ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்காமலே கம்ப்ரசரை மாற்றிவிட்டார்கள்

ஏசி சரியில்லை என்று காரைக் கொண்டுபோய் விட்டு, ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைத் தேவையே இல்லாமல் காசு கொடுத்து மாட்டிக்கொண்டு வந்தவன் எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். இதே அறிகுறி உங்கள் காரிலும் இருந்தால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

என் காரில் கோளாறு இப்படித்தான் ஆரம்பித்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை ஏசி ஜில்லென்று இருக்கும். சிக்னலில் நின்று இரண்டு நிமிஷம் ஆனால் வெறும் வெதுவெதுப்பான காற்று வரும், மறுபடி வேகம் பிடித்தால் குளிர்ச்சி தானாகத் திரும்பும். ஏசி வேலை தெரிந்த யாரும் இதைக் கேட்டதும் முதலில் முன்பக்க ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், வண்டி ஓடும்போது எதிர்க்காற்றில் ஆறிக்கொள்ளும். நின்றுவிட்டால் அதற்கு ஃபேனை விட்டால் கதி இல்லை. ஃபேன் சுற்றாவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஓர் அளவுக்கு மேல் போனதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைத் துண்டித்துவிடும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது.

கடையில் நான் செய்த முதல் தப்பு, "ஏசி ஃபேன் ஓடலையோன்னு சந்தேகமா இருக்கு" என்று சொன்னது. அந்தப் பையன் உள்ளே உட்கார்ந்து குமிழைத் திருப்பினான், டாஷ்போர்டில் காற்று புயல் மாதிரி அடித்தது. "ஃபேன் சூப்பரா ஓடுதே சார்!" என்றான். நானும் தலையாட்டினேன். காரில் ஏசிக்கு ஃபேன் இரண்டு: உள்ளே நம் முகத்தில் காற்று வீசுகிற புளோயர் ஒன்று, பானெட்டுக்குள் கண்டென்சருக்குக் காற்று இழுக்கிற ஃபேன் இன்னொன்று. இரண்டையும் நாம் ஏசி ஃபேன் என்றுதான் சொல்கிறோம், அந்தக் குழப்பத்தில்தான் பல பேர் காசை விடுகிறோம். (என் மச்சான் காரில் இதற்கு நேர்மாறு. அவருக்குப் புளோயர்தான் தகராறு, ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் காற்றே வராது, நான்கில் மட்டும் வரும். மோட்டார் போய்விட்டது என்றார்களாம். மோட்டார் போயிருந்தால் நான்கில் மட்டும் எப்படி ஓடும்? குமிழ் வைத்த அந்த மாதிரிக் கார்களில் முழு வேகம், கரண்டைக் குறைத்து விடும் ரெசிஸ்டர் வழியாகப் போகாது, கீழ் வேகங்கள்தான் அதன் வழியாகப் போகும். ரெசிஸ்டரை மட்டும் மாற்றினார், வேலை முடிந்தது.)

என் கதைக்கு வருகிறேன். முதல் தடவை "கேஸ் கம்மி" என்று சொல்லி நிரப்பினார்கள். ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், கசிவைக் காட்டாமல் நிரப்பினால் அது அரைகுறை வேலை. எனக்கு யாரும் எந்தக் கசிவையும் காட்டவில்லை. போதாக்குறைக்கு, அளவுக்கு மேல் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் கூடும், கம்ப்ரசர் இன்னும் சீக்கிரம் கட் ஆகும். அப்படித்தான் ஆனது. சிக்னலில் இரண்டு நிமிஷம் தாங்கியது ஒரு நிமிஷமாகக் குறைந்தது.

இரண்டாம் தடவை போனதும் பெரிய மெக்கானிக்கே வந்து பார்த்தார். "கம்ப்ரசர் விட்டு விட்டுக் கட் ஆகுது சார், வீக் ஆயிடுச்சு, மாத்திடணும்." பாதுகாப்புக்காக நின்ற கம்ப்ரசரைப் பார்த்து அதுவே நோயாளி என்று சொல்லிவிட்டார். மாற்றினார்கள். பழையதைக் கேட்டேன், "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு" என்றார்கள். பில்லில் புது டிரையர் (கேஸில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் உருளை) என்று ஒரு வரி இருந்தது. கம்ப்ரசர் மாற்றினால் டிரையரையும் மாற்றுவதுதான் முறை, சரிதான். ஆனால் அப்புறம் பானெட்டைத் திறந்து பார்த்தபோது அந்த உருளை பழைய புழுதியும் துருவுமாக அப்படியே உட்கார்ந்திருந்தது. பில்லில் புதுசு, வண்டியில் பழசு.

கம்ப்ரசர் மாறியும் சிக்னல் கதை மாறவில்லை, இப்போது கூடவே இன்ஜின் வெப்ப முள்ளும் நெரிசலில் மேலே ஏற ஆரம்பித்தது. என் காரில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் சேர்த்து ஒரே ஃபேன். மூன்றாம் தடவை போனேன். பத்து நிமிஷத்தில் "ஒரு ஃபியூஸ் போயிருந்துச்சு சார், போட்டாச்சு, காசு வேணாம்" என்றார்கள். பெருந்தன்மை என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். ஃபியூஸ்தான் போயிருந்தது என்றால் கம்ப்ரசரை எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை, அந்த எரிச்சல் இன்றைக்கும் போகவில்லை.

இரண்டு வாரம் ஏசி அருமையாக இருந்தது. அப்புறம் ஒருநாள் நெரிசலில் பிளாஸ்டிக் தீய்கிற வாடை, ஏசியும் நின்றது.

இந்த முறை நண்பர் சொன்ன ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர், கம்ப்யூட்டர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் ஏசியைப் போட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்து ஃபேனைப் பார்த்தார். சுற்றவில்லை. (மூன்று தடவையில் ஒருவரும் என் முன்னால் இதைச் செய்யவில்லை.) உடனே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார், சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் இந்த ஃபேன் திடீரென்று ஓடும், விரல் போய்விடும் என்றார். கையால் சுற்றிப் பார்த்தார், கரகரவென்று இறுகிப் பிடித்தது. அடுத்து ஃபியூஸ் பெட்டி. மூடியில் ஃபேனுக்கு 30 என்று போட்டிருக்கிறது, 30 ஆம்பியர் ஃபியூஸ் பச்சையாக இருக்கும். உள்ளே இருந்தது ஆரஞ்சு, 40 ஆம்பியர்!

பேட்டரியை மறுபடி மாட்டிவிட்டு ரிலேயைப் பார்த்தார், ஃபேனுக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச் அது. ஹாரனின் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே நம்பராக இருந்ததால் இடம் மாற்றிப் பார்த்தார், ரிலே நல்லது. ஃபேனின் கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. நானாக இருந்தால் கரண்ட் வருகிறது, மோட்டார்தான் அவுட் என்று முடித்திருப்பேன். அவர் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் மாட்டினார், மங்கலாகச் சிவந்தது. மீட்டர் கரண்டே இழுக்காது, அதனால் அரைகுறையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலும் முழு வோல்ட்டேஜ் காட்டும், சுமை கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும் என்றார். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான கிரவுண்டையும் அதே சுமையில் பார்த்தார், கனெக்டரின் கிரவுண்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாதாம், அது சரியாக இருந்தது. கனெக்டரைத் திருப்பிப் பார்த்தால் பாசிட்டிவ் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி கொடுத்தார், முனகிக்கொண்டே மெதுவாகச் சுற்றியது.

அப்போதுதான் மொத்தமும் விளங்கியது. பேரிங் இறுகியதால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்திருக்கிறது. 30 ஃபியூஸ் எரிந்தது. "அது அதோட வேலையைத்தான் சார் செஞ்சிருக்கு," என்றார் பெரியவர். அங்கே 40 போட்டதும் அதே கரண்ட் தடையில்லாமல் போய் வயரையும் கனெக்டரையும் வேக வைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஃபேன் மோட்டார், புது கனெக்டர், பச்சை ஃபியூஸ், அதிகமாய் ஏற்றிய கேஸை எடுத்துவிட்டு அளவாக நிரப்பியது, இவ்வளவுதான் வேலை.

ஆகவே நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்று உங்கள் ஏசி இருந்தால், கேஸ் என்ற பேச்சை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து ஃபேனைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டு கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் அதுவும் சுற்ற வேண்டும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். கடையிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஃபியூஸ் பெட்டி மூடியில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள், அரை நிமிஷ வேலை. கழற்றும் எந்தப் பாகமும் என் கைக்கு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் கேட்டால் எக்ஸ்சேஞ்ச் கதைதான்.

அந்த ஆரஞ்சு ஃபியூஸையும் உருகிய கனெக்டரையும் எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். பெரிய மெக்கானிக் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாங்க இதப் போட்டதுக்கு அப்புறம் ஒரு தடவையாவது ஃபியூஸ் போச்சா சார்?" என்று கேட்டார்.