தனிப்படகா, படகுக் கூட்டமா: வடகடலில் ஸ்மாக் ஓட்டிய இரண்டு முறைகள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பாய்மர இழுவலைப் படகுக்கு ஸ்மாக் என்று பெயர். தென்மேற்குத் துறைமுகமான பிரிக்ஸமில் கட்டினாலும் கிழக்குக் கரைத் துறைமுகமான ஹல்லில் கட்டினாலும் அடிப்படை ஒன்றுதான். ஆட்கள் நாலைந்து பேர், அதில் ஒருவன் சமையல் பையன். வலையின் வாயை அகலத் திறந்து வைக்க 40 அடிக்கும் மேல் நீளமான மரத்தடி, அதன் இரு முனையிலும் இரும்புச் சட்டம். நீரோட்டத்தோடு ஐந்தாறு மணி நேரம் இழுத்துவிட்டு, கேப்ஸ்டன் என்ற கயிறு சுற்றும் உருளையைக் கையாலேயே சுற்றி வலையை ஏற்றுவார்கள். நீராவி கேப்ஸ்டன் பரவியது 1880களில்தான்.

இந்தப் படகைத் தனியாக ஓட்டுவதா, கூட்டத்தோடு ஓட்டுவதா என்பதில்தான் துறைமுகங்கள் பிரிந்து நின்றன.

தனிப்படகு என்றால் பிடித்த மீனை ஸ்கிப்பரே, அதாவது படகின் தலைவரே, கரைக்குக் கொண்டுவருவார். டெவனில் உள்ள பிரிக்ஸம் இதற்கு நல்ல உதாரணம். பயணம் சில நாள்தான். ஸ்கிப்பரே படகுக்குச் சொந்தக்காரராகவோ பங்குதாரராகவோ இருப்பது அங்கே சகஜம். எப்போது திரும்புவது என்று அவரே முடிவு செய்யலாம். காற்று விழுந்துவிட்டால் மட்டும் சிக்கல்: படகு நகராது, மீன் கெடும். போகவர ஆகும் நேரத்தில் வலையும் சும்மா கிடக்கும்.

முதலாளிகளைக் கூட்டத்தின் பக்கம் தள்ளியது அந்த வீணாகும் நேரம்தான். சாமுவேல் ஹெவெட் என்ற முதலாளியின் ஷார்ட் புளூ கூட்டத்தில் 200க்கும் மேற்பட்ட படகுகள் இருந்தன. 'அட்மிரல்' எனப்பட்ட மூத்த ஸ்கிப்பர் பகலில் கொடியும் இரவில் வாணமும் காட்டி உத்தரவிடுவார். வலை இறக்குவதும் ஏற்றுவதும் அதன்படிதான். மீன் மட்டும் பனிக்கட்டியில் வைத்து, வேகமான வேறு கப்பலில் லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்குப் போகும். 1860களில் அந்தக் கப்பல்கள் நீராவிக்கு மாறின. ஸ்மாக் மட்டும் ஆறு, எட்டு வாரம் கடலிலேயே கிடக்கும்.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் கூட்டமே ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் மீன் பெட்டிகள் அந்தக் கப்பலுக்கு எப்படிப் போயின? ஒவ்வொரு ஸ்மாக்கிலிருந்தும் சிறு துடுப்புப் படகை நடுக்கடலில் இறக்கி, இரண்டு மூன்று பேர் அலையில் துடுப்புப் போட்டுப் போக வேண்டும். கனத்த பூட்ஸ், எண்ணெய்த் துணி, குளிர்ந்த கடல். கவிழ்ந்தால் பிழைப்பது அரிது. விலை நன்றாகக் கிடைக்க முந்தித் தரவேண்டும் என்ற அவசரம் வேறு. மீன் பிடிப்பதில் உள்ள ஆபத்து எல்லோருக்கும் பொது. இந்த ஆபத்தோ முதலாளி வகுத்த ஏற்பாட்டால் வந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. குளிர்காலத்திலும் கூட்டமாகப் போகச் சொன்னபோது ஹல் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தது நியாயம்தான்.

அப்புறம் சாராயம். 'கோப்பர்' என்ற மிதக்கும் சாராயக் கடைகள் கூட்டத்தைச் சுற்றியே திரிந்தன. 1881இல் எபனேசர் மேதர் தொடங்கிய கடல் மீனவர் மிஷன், மலிவான புகையிலையும் மருத்துவமும் கொடுத்து அவற்றோடு போட்டி போட்டது. கூட்டமாக இருந்ததால்தான் ஒரு மருத்துவர் அத்தனை பேரையும் எட்ட முடிந்தது. அந்த நன்மையை மறுக்க மாட்டேன். புயலில் தனிப்படகு சிக்கினால் கைகொடுக்க அருகில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் வடகடலில் பல ஸ்மாக்குகளை மூழ்கடித்த 1883 மார்ச் புயல் காட்டியதுபோல, பக்கத்தில் படகுகள் இருந்தாலும் பெருங்காற்றில் பயனில்லை.

பையன்கள் விஷயத்தில் ஹல், அதன் அருகிலுள்ள துறைமுகமான கிரிம்ஸ்பி இரண்டுமே தலைகுனிய வேண்டும். ஏழைகள் விடுதியிலிருந்து பயிற்சிக்கு எடுத்த சிறுவர்கள் ஓடிப்போனால் சிறை. 14 வயதுப் பையனைக் கொன்றதற்காக 1882இல் ஹல் ஸ்கிப்பர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் காலத்தில் எனக்கு வேலை வேண்டுமென்றால் பிரிக்ஸமுக்குத்தான் போயிருப்பேன். வருமானம் குறைந்தாலும் அந்தத் துடுப்புப் படகு வேலை இல்லை. பாய் நிலைத்ததும் அங்கேதான்: 1890களில் ஹல்லும் கிரிம்ஸ்பியும் ஸ்மாக்குகளைக் கைவிட்டு நீராவிக்குத் தாவின, பிரிக்ஸமும் கிழக்குக் கரையின் லோஸ்டாஃப்டும் 1920களிலும் புது ஸ்மாக் கட்டிக்கொண்டிருந்தன.